கூட்டத்தொடர் இல்லாத நாட்களில் ஒரு சட்டமன்றம்

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸ் மாநிலத்தின் வடகோடிப் புல்வெளியில் பற்றிய தீ, அணைவதற்குள் 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்துவிட்டது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய காட்டுத்தீ. வீடுகள், வேலிகள், ஆயிரக்கணக்கான மாடுகள் போயின. மனித உயிர்களும் போயின. ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 2 முதல் 4 வரை, அதே வட்டாரத்தில் உள்ள பாம்பா என்ற ஊரில் சட்டமன்றக் குழு ஒன்று மூன்று நாள் உட்கார்ந்தது. தலைநகர் ஆஸ்டினிலிருந்து அந்த ஊர் 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பண்ணைக்காரர்களும் தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் அரசு அதிகாரிகளும் ஒவ்வொருவராக வந்து நடந்ததைச் சொன்னார்கள். குழுவில் சட்டமன்ற உறுப்பினர்களோடு அந்தப் பகுதியின் நில உடைமையாளர்களும் இருந்தார்கள். தலைவர் கென் கிங், தீ சூழ்ந்த கனேடியன் என்ற ஊரைச் சேர்ந்த உறுப்பினர்.

அப்போது டெக்சஸ் சட்டமன்றம் கூடியிருக்கவில்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அமெரிக்கச் சட்டமன்றம் என்றால் வாஷிங்டன்தான். பள்ளி, காவல், மின்சாரம், தண்ணீர், மரண தண்டனை என்று மனிதர்களை நேராகத் தொடும் விஷயங்களில் பெரும்பாலானவற்றை அங்கே மாநிலச் சட்டமன்றங்கள்தான் முடிவு செய்கின்றன. அவை கூடியிருக்கும் நாட்களைப் பற்றியாவது கொஞ்சம் எழுதப்படுகிறது. கூடாத நாட்களில் அவற்றின் குழுக்கள் செய்யும் வேலை அநேகமாக யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு மாநிலம் தன் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்கிறதா இல்லையா என்பதை அந்த நாட்களில்தான் அறியமுடியும் என்று நான் நினைக்கிறேன். அதற்கு டெக்சஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

டெக்சஸின் அரசியலமைப்புச் சட்டம் 1876-இல் வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமைந்த ஆட்சியின் அதிகாரக் குவிப்பை வெறுத்தவர்கள் அதை எழுதினார்கள். சட்டமன்றம் எவ்வளவு குறைவாகக் கூடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடும். 1960-இல் வந்த திருத்தம் அந்தக் கூட்டத்தொடருக்கு 140 நாள் என்று எல்லை போட்டது. இடையில் சிறப்புக் கூட்டம் வேண்டுமென்றால் ஆளுநர் மட்டுமே அழைக்கலாம். அதற்கும் 30 நாள்தான் அவகாசம், பொருளையும் அவரே குறிப்பார். உறுப்பினர்களின் சம்பளம் மாதம் 600 டாலர், அதாவது ஆண்டுக்கு 7,200. அதனால் அவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞராகவோ பண்ணைக்காரராகவோ வியாபாரியாகவோ வேறு தொழில் செய்தபடி சட்டம் இயற்றுகிறார்கள்.

3 கோடிப் பேர் வாழும் மாநிலம் இது. 2023 கூட்டத்தொடரில் 8,000-க்கும் அதிகமான மசோதாக்கள் தாக்கலாயின. சுமார் 1,250 நிறைவேறின. அரசியலமைப்பின்படி முதல் 60 நாட்களில், ஆளுநர் அவசரம் என்று அறிவித்தவை போன்ற சில விலக்குகள் தவிர, எந்த மசோதாவையும் நிறைவேற்ற முடியாது. மீதி 80 நாளில் இத்தனையும் நடந்தாக வேண்டும். நள்ளிரவு தாண்டிய குழு அமர்வுகளும், இரண்டு நிமிடம் பேசுவதற்காகப் பகல் முழுவதும் காத்திருக்கும் மனிதர்களும் அங்கே சகஜம். இந்த நெரிசலில் ஓர் உறுப்பினர் தண்ணீர்ப் பங்கீட்டையோ மின்கட்டமைப்பையோ உட்கார்ந்து படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. படிப்பு வேறெங்காவது நடக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் டெக்சஸுக்கு மட்டும் உரியதல்ல, புதியதும் அல்ல. 1933-இல் கான்சஸ் மாநிலம், கூட்டத்தொடர்களுக்கு இடையிலும் ஆய்வை நடத்துவதற்காகச் சட்டமன்றப் பேரவை ஒன்றை ஆய்வுப் பணியாளர்களோடு அமைத்தது. பிற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. டெக்சஸில் அப்படியோர் அமைப்பு 1949-இல் வந்தது. இன்று டெக்சஸ், மொன்டானா, நெவாடா, வடக்கு டகோட்டா ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டுமே சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறது. கூட்டத்தொடர்களுக்கு இடையே குழுக்கள் நடத்தும் இடைக்கால விசாரணை, ஆண்டுதோறும் கூடும் மாநிலங்களிலும் உண்டு. ஆனால் இந்த நான்கு மாநிலங்களுக்கும் அது இல்லாவிட்டால் மூச்சே இல்லை.

எதை விசாரிப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? டெக்சஸில் இரண்டே பேர். பிரதிநிதிகள் சபைக்குச் சபாநாயகரும், செனட் சபைக்கு அதன் தலைமையில் அமரும் துணை ஆளுநரும் ஒவ்வொரு குழுவுக்கும் பணிப்பட்டியல் தருகிறார்கள். இன்ன சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று பார்க்கவும், இன்ன பிரச்சினையை ஆராய்ந்து பரிந்துரைக்கவும் என்பதாக அந்தப் பட்டியல் இருக்கும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன் குழு அறிக்கை தர வேண்டும். பட்டியலில் ஏறாத பிரச்சினை எவ்வளவு பெரிதானாலும் பெரும்பாலும் விசாரணைக்கு வராது. மொன்டானாவில் வேறு வழக்கம். அங்கே கூட்டத்தொடர் முடியும்போது எல்லா உறுப்பினர்களும் ஆய்வுத் தலைப்புகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். இடைக்காலக் குழுக்களில் இரு கட்சியினரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மக்கள்தொகையில் டெக்சஸின் ஒரு மூலைக்குச் சமமான மாநிலம் அது. இந்த ஒரு விஷயத்தில் அதனிடம்தான் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் டெக்சஸின் இடைக்கால விசாரணைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கூட்டத்தொடரின்போது சாட்சி சொல்ல வருகிறவர் படிவத்தில் தாம் மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று குறிக்க வேண்டும். அவர் வாய் திறக்கும் முன்பே எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரிந்துவிடும். கேள்விகளும் அந்தப் பக்கத்தைப் பார்த்தே வரும். இடைக்காலத்தில் கையில் மசோதா கிடையாது, எனவே பக்கமும் கிடையாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று மட்டுமே கேட்க முடியும். அன்று மாலையே வாக்களிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத உறுப்பினர், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேள்வி கேட்கலாம். அழைக்கப்பட்ட நிபுணர்களும் அதிகாரிகளும் முதலில் பேசுவார்கள். பொதுமக்களுக்குப் பிறகு சில நிமிடங்கள்தான் கிடைக்கும் என்பது குறைதான். என்றாலும் விசாரணை ஊருக்கே வரும்போது அந்தச் சில நிமிடங்களின் கனமே வேறு.

பாம்பாவில் அதுதான் நடந்தது. மே 1 அன்று வெளியான அறிக்கை, பெருந்தீக்கு மின்கம்பிகளே காரணம் என்று எழுதியது. சிதைந்துபோன மின்கம்பம் ஒன்று முறிந்து விழுந்ததிலிருந்து மிகப் பெரிய தீ தொடங்கியது. தன் சாதனங்களுக்கு அதில் பங்கிருப்பதாகத் தெரிகிறது என்று எக்செல் எனர்ஜி என்ற மின் நிறுவனமே முன்பு ஒப்புக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் தனியார் மின்கம்பிகளின் பராமரிப்பை யாரும் கண்காணிக்கவில்லை என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. தீயணைக்கும் விமானம் ஒன்றுகூட அப்போது மாநிலத்துக்குச் சொந்தமாக இருக்கவில்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் வந்தவை. தீயை முதலில் எதிர்கொள்ளும் தன்னார்வப் படைகளிடம் கருவி வாங்கப் பணம் இல்லை. வெவ்வேறு ஊர்ப் படைகளின் வயர்லெஸ் கருவிகள் ஒன்றோடொன்று பேசவில்லை. இந்தக் கடைசி விஷயம் கேட்பதற்குச் சிறியது. பக்கத்து ஊர்ப் படை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் புகைக்குள் வண்டி ஓட்டுகிறவருக்கு அது உயிர் விஷயம்.

2025 கூட்டத்தொடரில் கென் கிங் இதிலிருந்து சில மசோதாக்களைக் கொண்டுவந்தார். மின் நிறுவனங்கள் காட்டுத்தீத் தடுப்புத் திட்டம் தர வேண்டும் என்றது சட்டமாயிற்று. பிரதிநிதிகள் சபை மசோதா 13 என்பது இன்னும் அகலமானது. பேரிடர்க் காலத் தகவல் தொடர்புக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே திட்டம் வகுக்க ஒரு மன்றம், உள்ளூர் அமைப்புகள் எச்சரிக்கைச் சங்கு உள்ளிட்ட கருவிகளை வாங்க மானியம் ஆகியவை அதில் இருந்தன. பிரதிநிதிகள் சபை பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. செனட் அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. கூட்டத்தொடர் முடிந்ததும் மசோதாவும் முடிந்தது. செலவு அதிகம் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

ஒரு மாதம் கழித்து, ஜூலை 4 விடியலில், குவாடலூப் ஆறு பெருகியது. நடு டெக்சஸின் மலைப்பகுதியில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றங்கரைக் கோடை முகாம் ஒன்றில் மட்டும் சிறுமிகளும் இளம் பணியாளர்களுமாக 27 பேர். மிக அதிக உயிர்ச்சேதம் கண்ட கெர் மாவட்டத்தில், கரையோர மக்களை எழுப்ப எச்சரிக்கைச் சங்கு இல்லை. அந்தப் பகுதியின் பிரதிநிதி வெஸ் வர்டெல் மசோதா 13-ஐ எதிர்த்து வாக்களித்தவர். இப்போது வாக்களித்தால் அநேகமாக வேறு விதமாகத்தான் வாக்களிப்பேன் என்று பிறகு சொன்னார்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மசோதா நிறைவேறியிருந்தாலும் செப்டம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்திருக்கும். ஜூலை வெள்ளத்தில் அது யாரையும் காப்பாற்றியிருக்காது. அந்த மரணங்களை ஒரு வாக்கெடுப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை. என் கேள்வி வேறு. பாம்பாவில் தீயணைப்பு வீரர்கள் சொன்னதைக் கேட்டது பிரதிநிதிகள் சபையின் குழு மட்டும். அந்த நாற்காலிகளில் செனட்டர் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. கேட்டவர்கள் மசோதா எழுதினார்கள், கேட்காதவர்கள் அதன் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஜூலை 31 அன்று கெர்வில் நகரில் இரு சபைகளின் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்தன. சிறப்புக் கூட்டத்தில் முகாம் பாதுகாப்புச் சட்டங்கள் நிறைவேறின. செப்டம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டார். இரு சபையும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே சாட்சியைக் கேட்டதற்கு இதில் பங்கில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரமும் சேர்ந்துதான் அதைச் சாதித்தது.

யுவால்டி என்ற டெக்சஸ் ஊரின் கதை இதைவிடக் கசப்பானது. 2022 மே 24 அன்று ராப் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். காவலர்கள் துணிவாக விரைந்து செயல்பட்டார்கள் என்பது முதல் நாளில் சொல்லப்பட்ட கதை. தமக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்று ஆளுநரே சில நாட்களில் சொல்லவேண்டி வந்தது. சபாநாயகர் டேட் ஃபீலன் அமைத்த மூவர் குழுவில் குடியரசுக் கட்சியின் டஸ்டின் பர்ரோஸ் தலைவர். ஜனநாயகக் கட்சியின் ஜோ மூடி, மாநில உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி ஈவா குஸ்மான் ஆகியோர் மற்ற இருவர். அவர்கள் பெரும்பாலும் மூடிய அறையில் சாட்சியம் பெற்றார்கள். வேறு சமயம் என்றால் இதைக் கண்டித்திருப்பேன். குற்ற விசாரணை ஒன்று பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நிலையில், காவலர்கள் வாய் திறக்க வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 17 அன்று 77 பக்க அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஸ்பானிய மொழியிலும் வந்தது. அன்று அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த காவல் அலுவலர்கள் 376 பேர் என்ற எண்ணை உலகம் அதிலிருந்துதான் அறிந்தது. அத்தனை பேர் இருந்தும் வகுப்பறைக்குள் நுழைய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஒரு வகுப்பறைக் கதவின் பூட்டு சரியில்லை என்பது பலருக்கும் முன்பே தெரிந்திருந்தது, சரிசெய்ய யாரும் முறைப்படி கேட்கவில்லை. எல்லைப் பகுதி வாகனத் துரத்தல்களால் அடிக்கடி வந்த எச்சரிக்கைகள் பள்ளியை மரத்துப்போகச் செய்திருந்தன. தனி ஒருவரைக் குற்றவாளியாக்கி முடித்துவிடாமல், பூட்டு முதல் கட்டளைச் சங்கிலி வரை எல்லாவற்றையும் அந்த அறிக்கை எழுதியது. எட்டே வாரத்தில் இதைச் செய்தது ஒரு சட்டமன்றக் குழு என்பதை நான் மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

அதிலிருந்து என்ன கிடைத்தது? 2023-இல் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் ஏந்திய பாதுகாவலர் வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குத் தந்த நிதி வளாகத்துக்கு 15,000 டாலர். இறந்த குழந்தைகளின் பெற்றோர் இரவு பகலாகக் காத்திருந்து கேட்டது, தாக்குதல் துப்பாக்கி வாங்கும் வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தும் மசோதா. அது குழுவில் 8-க்கு 5 என்று தேறியது. சபையின் முன் வரவே இல்லை. காவல் படைகள் ஒருங்கிணைந்து பதிலளிப்பதற்கான யுவால்டி சட்டம் 2025-இல்தான் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் அந்த ஊரின் முன்னாள் மேயர். 2025 ஜனவரியில் டஸ்டின் பர்ரோஸ் சபாநாயகராகிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிக்கை எழுதியவர் அதிகாரத்தில் அமர்ந்தது இங்கே தற்செயல். வேறு பல அறிக்கைகளை எழுதியவர்கள் நவம்பர் தேர்தலில் தோற்றோ, ஓய்வு பெற்றோ, வேறு குழுவுக்கு மாற்றப்பட்டோ போய்விடுகிறார்கள். இடைக்காலம் முடிவது எப்போதும் தேர்தல் ஆண்டில். ஜனவரியில் புதிய சபை கூடும்போது அறிக்கை அநாதையாகிவிடுகிறது.

இக்குழுக்கள் பலவீனமானவை என்று நினைத்துவிடக் கூடாது. 2024 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் குற்றவியல் சட்டக் குழு ஒரு விசாரணை நடத்தியது. தவறான அறிவியல் சாட்சியத்தால் தண்டிக்கப்பட்டவர்கள் மறுவிசாரணை கேட்க வழிசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் பலன் தரவில்லை என்பது அதன் பொருள். தன் குழந்தையைக் குலுக்கிக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு அக்டோபர் 17 மாலை மரண தண்டனை நிறைவேற இருந்தது. முந்தைய நாள் இரவு குழு அவருக்கே அழைப்பாணை அனுப்பியது: 21-ஆம் தேதி எங்கள் முன் வந்து சாட்சியம் சொல்ல வேண்டும். இறந்தவர் சாட்சி சொல்ல முடியாது என்பதே அதன் தர்க்கம். நீதிமன்றங்கள் மாறி மாறி உத்தரவிட்டு, கடைசியில் மாநில உச்சநீதிமன்றம் இரவோடு இரவாகத் தண்டனையை நிறுத்தியது. நவம்பர் 15 அன்று அதே நீதிமன்றம் இதற்கு வரம்பும் கட்டியது. சிறைவாசியிடம் சாட்சியம் பெறக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, அதைக் கொண்டு குறித்த தண்டனையைத் தள்ளிவைக்க முடியாது என்றது. குழுவின் முன் அவர் கடைசிவரை கொண்டுவரப்படவில்லை. ஆனால் அந்தக் கைதி உயிரோடு இருந்தார். 2025 அக்டோபரில் மாநிலக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே தண்டனையை நிறுத்தி, வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. சட்டமன்றமே கூடாத ஒரு வாரத்தில், ஒரு குழுவின் காகிதம் ஓர் உயிரை நிறுத்திவைத்தது.

அப்படியானால் குழுக்களின் குறை எங்கே? கேட்பதற்கு அதிகாரம் உண்டு; கேட்டதற்குப் பதில் பெற அதிகாரம் இல்லை. டெக்சஸிலேயே இதற்கு விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. 1977-இல் அமைந்த அந்திமக்கால ஆய்வு ஆணையம் அரசுத் துறைகளைப் பொதுவாக 12 ஆண்டுக்கு ஒருமுறை ஆராய்கிறது. துறையைத் தொடரச் சட்டம் நிறைவேறாவிட்டால் அந்தத் துறை தானாக மூடப்படும். இந்த ஒரு நிபந்தனையால் அதன் அறிக்கையை யாரும் ஒதுக்கிவைக்க முடியாது. இதிலும் ஆபத்து உண்டு. 2017-இல் மாநில மருத்துவ வாரியத்தைத் தொடரும் மசோதா தேங்கியதால் சிறப்புக் கூட்டமே அழைக்க நேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் தொடர்பில்லாத அரசியல் சர்ச்சைகளும் ஏறிக்கொண்டன. கெடு இருந்தால் வேலை நடக்கும், கெடுவைப் பிணையாக்கிப் பேரம் பேசவும் ஆள் வரும்.

பதில் கட்டாயம் இல்லாத இடத்தில் யார் நுழைகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 600 டாலர் சம்பளத்தில், குறைந்த பணியாளர்களோடு இயங்கும் உறுப்பினருக்குத் தகவல் தர நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஆண்டு முழுவதும் தயாராக நிற்கிறார்கள். 2020-இல் கொரோனா காரணமாக நேரடி அமர்வுகள் நின்றபோது, குழுக்கள் எழுத்து மூலம் கருத்து கேட்டன. எழுத்து வேலைக்கு ஆள் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு அது சுலபம். மாட்டுப் பண்ணைக்காரரோ மகளை இழந்த தாயோ பத்துப் பக்க மனு எழுதி அனுப்புவது கடினம். குறுக்குக் கேள்வியும் அங்கே இல்லை. நேருக்கு நேர் விசாரணை குறைந்தால் யார் குரல் மிஞ்சும் என்பது அந்த ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

நம் நாடாளுமன்றத்தில் 1993-இல் வந்த துறைசார் நிலைக்குழுக்கள் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றன. அவற்றின் பரிந்துரைகளுக்கு அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை ஆராய்ந்து குழு மறுபடி அறிக்கை வைக்கும். ஆனால் அமர்வுகள் மூடிய கதவுக்குள். டெக்சஸில் குழு அமர்வை யாரும் நேரலையில் பார்க்கலாம், பழைய பதிவையும் எடுத்துப் பார்க்கலாம். அங்கே திறந்த கதவும் இங்கே கட்டாயப் பதிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் சட்டமன்றத்தைத்தான் மக்கள் கேட்டு வாங்க வேண்டும்.

டெக்சஸுக்கு அதற்கான இடம் அரசியலமைப்பிலேயே காலியாக இருக்கிறது. முதல் 60 நாட்களில், சில விலக்குகள் தவிர, எந்த மசோதாவையும் நிறைவேற்ற முடியாது. அந்த நாட்களில் ஒவ்வோர் இடைக்கால அறிக்கையும் இரு சபைகளிலும் விவாதத்துக்கு வரட்டும். ஒவ்வொரு பரிந்துரையும் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, ஏன் என்று பெயரோடும் எழுத்தோடும் பதிவாகட்டும். பேரிடர் விசாரணை எதையும் ஒரு சபை மட்டும் நடத்தக் கூடாது. பணிப்பட்டியலில் பாதியையாவது மொன்டானாவைப் போல உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. கூட்டத்தொடரின் தொடக்கத்தில் சபைகள் தம் விதிகளை ஏற்கும் நாளில் சில வரிகள் சேர்த்தால் போதும். அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரியில் தொடங்குகிறது.